வயிற்றுக்குள் ஒரு தழும்பு: ஆப்பரேஷனுக்குப் பிறகு குடல் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரியின் அவசரச் சிகிச்சைப் பிரிவு. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பாட்டி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து வயிறு விட்டு விட்டு வலிக்கிறது. மூன்று தடவை வாந்தி, மூன்றாவது தடவை பச்சையாக வந்தது. பக்கத்தில் உயர்நிலை மூன்றாம் வகுப்புப் பேத்தி. டாக்டருக்குத் தமிழ் தெரியாது, பாட்டிக்கு ஆங்கிலம் வராது, அதனால் பேத்திதான் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறாள்.

"பாட்டி, இதுக்கு முன்னாடி உங்களுக்கு வயித்துல ஏதாவது ஆப்பரேஷன் செஞ்சிருக்காங்களான்னு கேக்குறாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது தொப்புளுக்குக் கீழே, சுருக்கங்களுக்கு நடுவே, இரண்டு விரல் நீளத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. "அதுவா? அது குடும்பக் கட்டுப்பாடு. உங்க அப்பா பொறந்தப்புறம் செஞ்சது. அம்பது வருஷம் ஆச்சு. அதப் போயி யாராவது ஆப்பரேஷன்னு சொல்லுவாங்களா?"

டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு செய்யும் சோதனைகளின் வரிசையே மாறிவிடும். ஐம்பது ஆண்டுக்கு முந்திய ஒரு சின்ன வெட்டுக்கும் இன்றைய பச்சை வாந்திக்கும் என்ன தொடர்பு? உயிரியல் மாணவர்களுக்கு இதில் பாதி விடை ஏற்கெனவே தெரியும். இரத்தம் உறைவதைப் படித்திருக்கிறீர்கள். மீதிப் பாதி பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் இருப்பதில்லை.

சொற்களிலிருந்து தொடங்குவோம், நாம் தமிழாசிரியர்கள் ஆயிற்றே. புண் ஆறுகிறது, ஆறிய இடத்தில் மிஞ்சுவது வடு அல்லது தழும்பு. 129ஆம் குறளை நடத்தும்போது புண், வடு என்ற இரண்டு சொற்களும் இடம் மாறி வரக்கூடாது என்று வகுப்பில் சொல்கிறோம் இல்லையா, அதே வேறுபாடுதான் இங்கேயும். வயிற்றுக்குள்ளே உண்டாகும் வடுவுக்கு மட்டும் ஒரு தனிக்குணம் உண்டு. தோலில் வரும் தழும்பு தோலோடு நின்றுவிடும். உள்ளே வரும் தழும்பு, ஒன்றோடொன்று ஒட்டவே கூடாத இரண்டு உறுப்புகளைப் பிடித்து ஒட்டவைத்துவிடும். அதனால் அதை 'ஒட்டுத்திசு' என்று சொல்வது பொருத்தம். மருத்துவமனைத் தாள்களில் 'அடிஷன்' என்று எழுதியிருந்தால் அது இதுதான். கணக்கில் கூட்டலுக்குச் சொல்லும் ஆங்கிலச் சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் எழுத்து வேறு.

வழுக்கும் உறை

வீட்டில் ஆட்டுக்குடல் வாங்கிச் சுத்தம் செய்திருக்கிறீர்களா? தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிவந்து சட்டியில் கொட்டினால் கையில் பிடிபடாது, நழுவி நழுவி ஓடும். அந்த வழுவழுப்பைத் தருவது குடலின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஒரு மெல்லிய உறை. அதன் பெயர் பெரிட்டோனியம். வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தையும், இரைப்பை, குடல், கல்லீரல், கருப்பை ஆகியவற்றின் வெளிப்பக்கத்தையும் அதுவே போர்த்தியிருக்கிறது. மடிப்பு மடிப்பாக இருப்பதால் இதை விரித்துப் போட்டால் நம் உடம்புத் தோலின் பரப்பளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

இவ்வளவு பெரிய உறையின் மேற்பரப்பு ஒரே ஒரு செல் தடிமன்தான். அந்தச் செல்களுக்கு மீசோதீலியச் செல்கள் என்று பெயர். ஒன்றை ஒன்று லேசாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பஞ்சுத்துணியால் அழுத்தித் துடைத்தாலே உரிந்து வந்துவிடும். சில தேக்கரண்டி அளவுத் திரவம் உள்ளே எப்போதும் பரவியிருக்கும். ஏறக்குறைய ஆறு மீட்டர் சிறுகுடல் இரவு பகலாக நெளிந்துகொண்டிருந்தும் நமக்கு எதுவும் உறைக்காமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

புரோட்டாக் கடையில் மாவு உருண்டைகளைத் தட்டில் அடுக்கி எண்ணெயில் ஊறவைத்திருப்பார்கள். எண்ணெய் இருக்கும்வரை உருண்டைகள் தனித்தனியாக நிற்கும். ஏதோ ஓரிடத்தில் எண்ணெய் காய்ந்துபோய் இரண்டு உருண்டைகள் தொட்டுக்கொண்டால், அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். வயிற்றுக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். ஆனால் மாவு தானாக ஒட்டுகிறது. உடம்போ ஒட்டுவதற்கென்று ஒரு பசையைத் தானே தயாரிக்கிறது.

பசையும் கத்தரியும்

அந்தப் பசை உங்களுக்குத் தெரிந்ததுதான், ஃபைப்ரின். இரத்தம் உறைதல் பாடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: காயம் பட்டதும் தட்டணுக்கள் கூடுகின்றன, நொதிகள் வேலை செய்கின்றன, இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கரையாத ஃபைப்ரின் நூல்களாக மாறுகிறது, அந்த நூல்வலையில் செல்கள் சிக்கி உறைகட்டி உண்டாகிறது. இதுவரை எழுதினால் தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் உடம்பின் வேலை அங்கே முடிவதில்லை. கட்டிய வலையைக் கரைக்கவும் வேண்டுமே!

கரைக்கும் கத்தரிக்குப் பிளாஸ்மின் என்று பெயர். அது எப்போதும் விரிந்த கத்தரியாகச் சுற்றுவதில்லை. பிளாஸ்மினோஜன் என்ற மூடிய நிலையில் இரத்தத்தில் இருக்கிறது. அதைத் திறந்துவிடுவது டிபிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு நொதி. மூளையில் இரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு ஊசியாகப் போடுகிறார்களே, அதே பொருள்தான். பெரிட்டோனியத்தின் மீசோதீலியச் செல்கள் இந்த டிபிஏவைச் சொந்தமாகவே சுரக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் பெரிட்டோனியம் தன்மேல் படிகிற ஃபைப்ரினைத் தானே துடைத்துவிடும்.

டாக்டர் வயிற்றைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கத்தி பட்ட இடத்தில் மட்டும் செல்கள் போவதில்லை. கைபட்ட இடம், துணி உரசிய இடம், விளக்கின் சூட்டில் காய்ந்த இடம், எல்லா இடத்திலும் அந்த ஒற்றை அடுக்கு உரிகிறது. உரிந்த இடத்திலிருந்து புரதம் நிறைந்த நீர் கசிகிறது. சில மணி நேரத்துக்குள் அது ஃபைப்ரினாக மாறி, பக்கத்தில் இருக்கும் உறுப்போடு மெல்லிய நூல்பாலம் போடுகிறது. கவனியுங்கள், இந்தக் கட்டத்தில் இது தழும்பே இல்லை. விரலால் தள்ளினால் அறுந்துவிடும் வெறும் பசை.

எல்லாம் நல்லபடி நடந்தால் மூன்று நாளுக்குள் இந்தப் பாலம் கரைந்துபோகும். ஆனால் காயம் பட்ட இடத்தில் டிபிஏ சுரப்பு சரியாகக் குறையும் நேரமும் அதுவேதான். செல்கள் உரிந்துவிட்டன; மிஞ்சியவையும் இரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் குறைந்து வாடிக்கிடக்கின்றன. போதாக்குறைக்கு, டிபிஏவைத் தடுக்கும் இன்னொரு புரதம் அழற்சியால் கூடுகிறது. பசை அதிகம், கத்தரி குறைவு. மூன்றாம் நாள் தாண்டியும் பாலம் நின்றுவிட்டால், நார் உண்டாக்கும் செல்கள் அந்தப் பாலத்தின் வழியாக ஊர்ந்து வருகின்றன. கொல்லாஜனை நூற்கத் தொடங்குகின்றன. புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. முதிர்ந்த ஒட்டுத்திசுக்களில் நரம்பு இழைகள்கூடக் காணப்பட்டிருக்கின்றன. தற்காலிகப் பாலம் நிரந்தரப் பாலமாகிவிட்டது. அதற்குப் பிறகு பிளாஸ்மினால் அதைத் தொடக்கூட முடியாது, அது ஃபைப்ரினை வெட்டும் கத்தரி, கொல்லாஜனை வெட்டும் கத்தரி அல்ல.

ஆகவே உள்தழும்பை 'அளவுக்கு மீறி ஆறிய காயம்' என்று மாணவர்கள் எழுதினால் நான் அரை மதிப்பெண்தான் போடுவேன். உரிய நேரத்தில் கரையாமல் நின்றுவிட்ட உறைகட்டி என்பதே சரியான விளக்கம். ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் ஒரு கயிற்றின் தலையெழுத்து முதல் ஒரு வாரத்துக்குள் எழுதப்பட்டுவிடுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு, தேர்வுக்கு வைக்கலாம் போன்ற அழகான கேள்வி இது. தோலில் பெரிய காயம் ஆற அதிக நாள் ஆகும், சிறிய காயம் சீக்கிரம் ஆறும். ஏனென்றால் தோல் ஓரங்களிலிருந்து உள்நோக்கி வளர்கிறது. பெரிட்டோனியத்தில் அப்படி இல்லை. உரிந்த பரப்பு முழுவதிலும் அங்கங்கே தீவு தீவாகப் புதிய செல்கள் ஒரே சமயத்தில் முளைத்து இணைகின்றன. அதனால் கட்டைவிரல் அகலக் காயமானாலும் உள்ளங்கை அகலக் காயமானாலும் ஐந்து முதல் ஏழு நாளில் மூடிவிடும். அந்த ஏழு நாளுக்குள் யார் முந்துகிறார்கள், புதிய மீசோதீலியமா, நார்ச்செல்லா என்பதுதான் பந்தயம்.

நன்றாகத் தைத்தால் நன்றாக ஆறுமா?

ஆறும் என்றுதான் யாரும் சொல்வோம். கிழிந்த சட்டையைத் தைக்கிற பழக்கம் நமக்கு. அறுவை மருத்துவர்களும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தார்கள். பெரிட்டோனியத்தை இழுத்து, இடைவெளி இல்லாமல், நெருக்கமாகத் தைத்தார்கள். 1962இல் இங்கிலாந்தின் ஹெரால்ட் எல்லிஸ் தம் விலங்காய்வுகளை வெளியிட்டார். பெரிட்டோனியத்தில் ஏற்படுத்திய காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டபோது பெரும்பாலும் வழுவழுப்பாக ஆறியது. இழுத்துத் தைத்தபோதுதான் ஒட்டுத்திசு அதிகம் வந்தது. இறுக்கமான தையல் அந்த இடத்தின் இரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. பட்டினி கிடக்கும் திசு இரத்தம் தேடிப் பக்கத்து உறுப்போடு ஒட்டிக்கொள்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒட்டுத்திசுமேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. அது முழு எதிரி அல்ல. பட்டினி கிடக்கும் இடத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் வாய்க்காலாகவும் இருக்கிறது. குடல்வால் அழுகி வெடிக்கப்போகும் நேரத்தில், ஓமெண்டம் என்ற கொழுப்புத் திரை (ஆட்டிறைச்சிக் கடையில் வலை போலத் தொங்குமே, அதுதான்) ஓடிவந்து அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். சீழ் வயிறு முழுக்கப் பரவாமல் அணை கட்டும். அந்த ஒட்டு இல்லாவிட்டால் பலர் பிழைத்திருக்கமாட்டார்கள். ஒட்டும் குணம் நல்லதற்காக வந்தது, வேலை முடிந்தும் போகாமல் நிற்பதுதான் தொல்லை.

தையல் மட்டும் காரணம் அல்ல. உள்ளே தேங்கிய இரத்தம், கிருமித்தொற்று, துணி இழை, பித்தப்பையிலிருந்து சிந்திய கல் எல்லாம் சேரும். கையுறைத் தூளும் அப்படித்தான். ரப்பர் கையுறை எளிதாக நுழைவதற்கு உள்ளே தூள் தூவுவார்கள். முதலில் டால்க் தூள். அது வயிற்றுக்குள் சிந்தினால் கட்டிகளையும் ஒட்டுகளையும் உண்டாக்குகிறது என்று தெரிந்த பிறகு சோளமாவுக்கு மாறினார்கள். அதுவும் குற்றமற்றதல்ல என்று பின்னால் தெரிந்தது. அமெரிக்காவில் தூள் தூவிய அறுவைக் கையுறைகளையே 2017 ஜனவரியில் தடைசெய்துவிட்டார்கள். புரோட்டா மாவு ஒட்டாமலிருக்க நாம் தூவுகிற மாவு, குடலில் பட்டால் எதிர்வேலை செய்கிறது, பாருங்கள்.

ரப்பர் என்றதும் ஒரு கிளைச்செய்தி. சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக இருந்த ரிட்லி, 1890களில், பால்மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் வகுத்தார். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் முன்னோருக்கு ஒரு விஷயம் கையாலேயே தெரியும்: வெட்டு ஆழமாகிக் கட்டையில் பட்டுவிட்டால் மறுபட்டை வழுவழுப்பாக வளராது, முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். ஒரு அடுக்கைத் தாண்டி அடுத்த அடுக்கில் கைவைத்தால் ஆறும் விதமே மாறும் என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்திருந்தது.

தேக்காவுக்கு எதிரே

சிங்கப்பூரில் இந்த விஷயத்தைப் பேசினால் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையைத் தொடாமல் போக முடியாது. மலாயில் அந்தப் பெயருக்கு எருமைக் கொட்டில் என்று பொருள். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மாடு வளர்த்த காலத்தின் மிச்சம். 1924இல் அது மகப்பேற்று மருத்துவமனையானது. 1966இல் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன, கின்னஸ் புத்தகத்திலே இடம்பெற்ற எண்ணிக்கை அது. இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் 'கேகேயில பொறந்தேன்' என்று சொல்லும் ஒருவராவது இருப்பார். 1997இல் புக்கிட் தீமா ரோட்டின் இன்றைய கட்டடத்துக்கு மாறியது.

பின்னாளில் 1971இல் சிங்கப்பூரின் இரண்டாவது அதிபரான டாக்டர் பெஞ்சமின் ஷியர்ஸ் அங்கே மகப்பேற்று மருத்துவராக இருந்தவர். இன்று பலருக்கு அவர் ஒரு பாலத்தின் பெயர். மருத்துவர்களுக்கோ, கருப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டிக் குழந்தையை எடுக்கும் சிசேரியன் முறையைச் சிங்கப்பூரில் நிலைநாட்டியவர். அதற்கு முன் கருப்பையின் தடித்த மேற்பகுதியில் நெட்டுக்குத்தாக வெட்டுவார்கள். இரத்தம் அதிகம் போகும். அதோடு அந்த வெட்டு வயிற்று அறைக்குள்ளே, குடலையும் ஓமெண்டத்தையும் பார்த்தபடி கிடக்கும். கீழ்ப்பகுதி மெல்லியது, அங்கே போடும் வெட்டைச் சிறுநீர்ப்பைக்கு மேலே இருக்கும் பெரிட்டோனிய மடிப்பு மறைத்துக்கொள்ளும். வெட்டின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் காயம் யாரோடு முகம் பார்த்துக்கொண்டு ஆறுகிறது என்பது மாறிவிட்டது. தாய்மார்களின் உயிரைக் காத்த மாற்றம் அது. அதற்காகச் சிசேரியனால் ஒட்டே வராது என்று எண்ண வேண்டாம். சிறுநீர்ப்பையும் கருப்பையும் ஒட்டிக்கொள்வது இன்றும் உண்டு. இரண்டாவது, மூன்றாவது சிசேரியன் என்று போகப்போக அது கூடும்.

அடுத்து நம் பாட்டியின் கதை. விருப்பக் கருத்தடைச் சட்டம் 1970இல் நடைமுறைக்கு வந்தது. 1972இல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' இயக்கம் தொடங்கியது. கருக்குழாயைக் கட்டும் அறுவையை அந்தத் தலைமுறைப் பெண்கள் ஏராளமானோர் செய்துகொண்டார்கள். சின்ன வெட்டு, சீக்கிரம் வீட்டுக்கு, நோய் எதுவும் இல்லை. அதனால் அவர்கள் நினைவில் அது 'ஆப்பரேஷன்' என்ற பெட்டிக்குள் போகவே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடமும் இதே கதைதான். வேலை அனுமதியில் இங்கே இருக்கும் தம்பிகளைக் கேளுங்கள், பள்ளிக்கூடக் காலத்தில் ஊரில் குடல்வால் எடுத்ததைச் 'சின்ன வயசுல ஏதோ' என்றுதான் சொல்வார்கள்.

எத்தனை பேருக்கு இது வருகிறது? எல்லிஸும் மென்சீஸும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு வயிற்று அறுவை செய்துகொண்டவர்களை மறுபடி திறந்து பார்த்தபோது 93 விழுக்காட்டினரிடம் ஒட்டுத்திசு இருந்தது. முதல்முறையாகத் திறந்தவர்களில் 10.4 விழுக்காட்டினரிடம் மட்டுமே. இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஒட்டு இருப்பது வேறு, தொல்லை தருவது வேறு. பெரும்பாலானோர் அது இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஆனாலும் ஸ்காட்லாந்தில் 1986இல் திறந்த வயிறு அல்லது இடுப்பறை அறுவை செய்துகொண்ட 29,790 பேரைப் பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஒட்டுத்திசுவால் வந்ததோ வந்திருக்கக்கூடியதோ ஆன ஒரு கோளாறுக்காக மறுபடி மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். 1999இல் வெளிவந்த இந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: அந்த மறுசேர்க்கை முதல் ஓரிரு ஆண்டோடு நிற்கவில்லை, பத்தாவது ஆண்டிலும் வந்துகொண்டே இருந்தது. ஆகவே 'ரொம்ப நாள் ஆச்சு' என்பது காப்பு அல்ல.

குடல் மாட்டிக்கொண்டால்

ஒட்டுத்திசு சில சமயம் கயிறு போல ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும். கொடிக்கயிற்றில் துணி சிக்குவது போலச் சிறுகுடலின் ஒரு வளையம் அதில் மாட்டிக்கொள்ளலாம், முறுக்கிக்கொள்ளலாம். சாப்பிட்டது முன்னேபோக முடியாது. அடைப்புக்கு மேலே குடல் வீங்குகிறது; தள்ளப் பார்த்து இறுகும்போது வலி, விட்டால் கொஞ்சம் ஓய்வு, மறுபடி வலி. பித்தநீர் மேலேறிப் பச்சை வாந்தி. வயிறு உப்பும். கீழே காற்றுகூடப் பிரியாது. சிறுகுடல் அடைப்புக்கு மிகுதியான காரணம் இந்த ஒட்டுத்திசுதான். குடலுக்குப் போகும் இரத்தக் குழாயும் சேர்ந்து நெரிபட்டால் சில மணி நேரத்திலேயே அந்தப் பகுதி செத்துப்போகத் தொடங்கும். விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறுவதும், காய்ச்சலும், தொட்டாலே துடிப்பதும் அதன் அடையாளம்.

இந்த இடத்தில்தான் நம் வீட்டு வைத்தியம் தடுக்கி விழுகிறது. 'வாயு' என்று ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள், அதனால் பெரிய கேடு இல்லை, நேரம்தான் போகும். 'மலம் கட்டியிருக்கு' என்று விளக்கெண்ணெய் கொடுப்பது அப்படி அல்ல; முன்னே வழி அடைத்திருக்கும்போது பின்னாலிருந்து தள்ளுகிற வேலை அது. 'குடலேத்தம்' என்று எண்ணெய் தடவி வயிற்றைப் பிசைந்து எடுத்துவிடுவதும் இந்த நிலையில் ஆபத்து. வயிற்றில் பழைய தழும்பு இருந்து, வலி, வாந்தி, உப்புசம், காற்றுப் பிரியாமை சேர்ந்து வந்தால் சாப்பாடு, மருந்து எதுவும் கொடுக்காமல் 995ஐ அழையுங்கள் அல்லது நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பலதுறை மருந்தகத்தில் மறுநாள் முறைக்குக் காத்திருக்கும் விஷயம் இது இல்லை.

போனதும் கத்தியைத்தான் எடுப்பார்கள் என்று பலர் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அது தவறான பயம். நெரிசல் அறிகுறி இல்லை என்றால் முதலில் குடலுக்கு ஓய்வு கொடுப்பார்கள்: மூக்கு வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாய் விட்டுத் தேங்கியதை இறக்குவார்கள், நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார்கள். ஸ்கேனில் ஒட்டுத்திசு நேராகத் தெரிவது அரிது. குடல் எங்கே வீங்கி எங்கே சுருங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். அதனால்தான் பழைய அறுவை பற்றிய உங்கள் ஒரு வாக்கியம் அவர்களுக்கு அவ்வளவு பெறுமதி. எக்ஸ்ரேயில் தெரியும், தண்ணீரில் கரையும் ஒரு திரவத்தையும் கொடுத்துப் பார்ப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலை எட்டிவிட்டால், பெரும்பாலும் கத்தி இல்லாமலே அடைப்பு விலகிவிடும்.

'அந்த ஒட்டையே வெட்டி எடுத்துவிடக்கூடாதா?' என்று மாணவர்கள் கேட்பார்கள். அடைப்பு விலகாவிட்டால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் வெட்டுவதும் ஓர் அறுவை, அதுவும் பெரிட்டோனியத்தை உரிக்கும், மறுபடி ஃபைப்ரின், மறுபடி பந்தயம். வலி மட்டும் இருப்பவர்களுக்கு வெட்டிப் பார்த்தால் என்ன என்று நெதர்லாந்தில் 100 பேரிடம் சோதித்தார்கள். எல்லாருக்கும் நுண்துளை வழியாகக் கருவி விட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒட்டை வெட்டினார்கள், மீதிப் பேருக்குப் பார்த்ததோடு சரி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து இரண்டு குழுவிலும் வலி குறைந்திருந்தது, ஒரே அளவில்! 2003இல் வெளியான இந்த முடிவை, கட்டுப்பாட்டுக் குழு ஏன் தேவை என்று நடத்தும்போது எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வரும்முன் தடுக்கச் செய்வதெல்லாம் அந்த முதல் வாரத்தைக் குறிவைத்தவைதான். நுண்துளை அறுவையில் கைபடுவதும் காய்வதும் குறைவு, ஒட்டும் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. இரத்தக் கசிவை நன்றாக நிறுத்துவது, திசுவை ஈரமாக வைப்பது, தூளில்லாக் கையுறை அணிவது இவற்றோடு, சில அறுவைகளில் காயத்துக்கும் குடலுக்கும் நடுவே கரையும் தாள் போன்ற ஒரு படலத்தை வைப்பார்கள். ஏழு நாள் இரண்டையும் பிரித்து வைத்திருந்துவிட்டுக் கரைந்துபோகும். புரோட்டாத் தட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான், வேறொன்றும் இல்லை.

மொழிபெயர்க்கும் பேத்திக்கும் பேரனுக்கும் கடைசியாக ஒன்று. 'ஆப்பரேஷன் செஞ்சிருக்கா?' என்று கேட்டு 'இல்லை' என்று வந்தால் அங்கேயே நிறுத்தாதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "பாட்டி, உங்க பிள்ளைங்க எல்லாரும் சுகப்பிரசவமா? குடும்பக் கட்டுப்பாடு செஞ்சீங்களா? கர்ப்பப்பை, குடல்வால், பித்தக்கல்லு, குடலிறக்கம்னு ஏதாவது எடுத்தாங்களா? வயித்துல எங்கயாவது தையல் போட்ட தடம் இருக்கா?" வலியைப் பற்றிக் கேட்கும்போது 'வலிக்குதா' என்பதோடு விடாமல், "விட்டு விட்டு வலிக்குதா, விடாம வலிக்குதா? கடைசியா எப்போ காத்துப் பிரிஞ்சுது? வாந்தி என்ன நிறம்?" என்று கேளுங்கள். காற்றுப் பிரிந்ததைப் பேரப்பிள்ளையிடம் சொல்லப் பாட்டி கூச்சப்படுவார், டாக்டருக்கோ அதுதான் முதலில் வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு முந்திய அறுவையோ புதுக்கோட்டையில் செய்த அறுவையோ இங்கே கணினியில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இந்த வாரக் கடைசியில் பாட்டியோடு உட்கார்ந்து என்ன அறுவை, எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் பக்கத் தழும்பு என்று நான்கு வரி எழுதிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஆங்கிலத்திலும் ஒரு வரி எழுதிவிட்டால், நீங்கள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் வலி வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் அதைக் காட்டிவிடலாம்.